தோளுக்கும் ஆகணும், வண்டிக்கும் ஆகணும்

(முன்னாள் மாணவர் கூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"கால் மணி நேரம் பேசுங்க, தலைப்பு உங்க இஷ்டம்" என்று செயலாளர் சொன்னார். நான் தலைப்பைச் சொன்னதும் போனில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. கோல்ஃப் பை! பூட்டுக்கும் பிரியாணிக்கும் பேர் வாங்கிய ஊரில் வந்து கோல்ஃப் பையைப் பற்றிப் பேசுகிறானே என்று நினைத்திருப்பார். ஆனால் பாருங்கள், நம் மாவட்டத்திலேயே 1895-ல் தொடங்கிய கோல்ஃப் கிளப் ஒன்று இருக்கிறது. கொடைக்கானல் கோல்ஃப் கிளப். வத்தலக்குண்டு வழியாக ஏறினால் இங்கிருந்து மூன்று மணி நேரம். நம்மில் பலர் டூர் போய், காட்டுமாடு மேய்கிற பச்சைப் புல்வெளி என்று போட்டோ எடுத்துக்கொண்டு வந்திருப்போம். அதுதான்.

பேச வந்த காரணம் விளையாட்டுப் பெருமை இல்லை. நமக்கு ஏழெட்டு வருடம் மூத்த செட் அண்ணன் ஒருவர் எனக்கு போன் செய்தார். கம்பெனி வேலையாகக் கோல்ஃப் பழகியவர். அவருக்கு முதுகில் டிஸ்க் தொந்தரவு. எல்-4, எல்-5 என்று ஸ்கேனில் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். டாக்டர், "நடக்கலாம், நடக்கத்தான் வேணும், ஆனா பாரம் பார்த்து" என்று சொல்லியிருக்கிறார். அண்ணன் கேட்டது இதுதான்: "தம்பி, சமதள மைதானத்தில் டிராலியில் வெச்சுத் தள்ளிக்கிறேன். மலையில் சரிவு. அங்கே தோளில்தான் போட்டாகணும், இல்லேன்னா கேடி தூக்குவார். ரெண்டு பை வாங்க வீட்டில் விடமாட்டாங்க. ஒரே பை எது?"

(கேடி என்றதும் பின்வரிசையில் சிரிக்கிறீர்கள். போலீஸ் ஸ்டேஷன் போர்டில் போட்டோ ஒட்டுகிற கேடி இல்லைங்க. ஆட்டக்காரரின் பையைச் சுமந்து, காற்றும் சரிவும் பார்த்து யோசனை சொல்கிறவர்.)

முதலில் பாரம் எவ்வளவு என்று பார்ப்போம். விதிப்படி ஒருவர் அதிகபட்சம் 14 மட்டைகள் வைத்துக்கொள்ளலாம். இந்த வரம்பு அமெரிக்காவில் 1938-லும், பிரிட்டனில் 1939-லும் வந்தது. அதற்கு முன் 20, 25 என்று அடைத்துக்கொண்டு போனவர்கள் உண்டு. டிரைவர் சுமார் 320 கிராம். இரும்பு மட்டை ஒவ்வொன்றும் 400-லிருந்து 460 வரை. பட்டர் அரை கிலோவுக்கு மேல். எல்லாம் கூட்டினால் ஏறத்தாழ 6 கிலோ. பந்து ஒன்று 46 கிராம், 10 பந்து வைத்தால் அரை கிலோ. தண்ணீர் 1 லிட்டர், குடை, மழைக்கோட்டு, கையுறை எல்லாம் சேர்த்து இன்னொரு 2 கிலோ, இரண்டரை கிலோ. ஆக, பையே இல்லாமல் 9 கிலோ ஆகிவிட்டது.

இப்போது பை. தோளில் போடுவதற்கென்றே செய்த, இரண்டு கால் விரிகிற ஸ்டாண்டு பை 2 கிலோ சுமாருக்குக் கிடைக்கிறது. வண்டியில் வைப்பதற்கென்றே செய்த கார்ட் பை 3 கிலோவுக்கு மேல், சில 4-ஐயும் தாண்டும். டி.வி.யில் வருகிற தொழில்முறை ஆட்டக்காரர்களின் பெரிய பை இன்னும் கனம். அதைத் தூக்குபவர் அவர் இல்லை என்பதை நாம் மறந்துவிட்டு, அதே மாதிரி வேண்டும் என்று கடையில் கேட்கிறோம். அண்ணன் கேட்டது இரண்டுக்கும் நடுவில் உள்ள வகை. ஹைப்ரிட் என்கிறார்கள். நல்ல ஹைப்ரிட் பை இரண்டரை கிலோவை ஒட்டி இருக்கும். மொத்தம் பதினொன்றரை கிலோ.

தம்பிகளே, முதல் செமஸ்டர் கணக்கு ஒன்று. 11 கிலோ பையைத் தரையிலிருந்து குனிந்து எடுக்கிறீர்கள். பை உங்கள் முதுகெலும்பிலிருந்து 40 சென்டிமீட்டர் தள்ளி இருக்கிறது. அதைச் சமன் செய்கிற முதுகுத் தசை எலும்பிலிருந்து சுமார் 5 சென்டிமீட்டர் தூரத்தில்தான் இழுக்கிறது. மொமென்ட் எடுங்கள்: 11 பெருக்கல் 40 வகுத்தல் 5. 88 கிலோ! உங்கள் உடம்பின் மேல்பாதி எடையை இன்னும் சேர்க்கவே இல்லை. 18 குழி ஆட்டத்தில் பட்டிங் போக எப்படியும் 50 தடவை பையை இறக்கி ஏற்றுவோம். நடக்கிற எட்டு பத்து கிலோமீட்டரைவிட, முதுகைப் பழிவாங்குவது இந்த 50 குனிதல்தான் என்பது என் கட்சி.

அதனால்தான் அண்ணனிடம் கால் இல்லாத பை வேண்டவே வேண்டாம் என்றேன். ஸ்டாண்டு பையின் அடிப்பாகத்தில் ஒரு கீல் இருக்கும். பையைத் தரையில் ஊன்றி முன்னால் சாய்த்தால் அடித்தட்டு மடங்கி, ஒரு கம்பியைத் தள்ளி, இரண்டு காலும் விரியும். பை சாய்வாக நிற்கும், கைப்பிடி இடுப்பு உயரத்தில் இருக்கும். குனிய வேண்டியதில்லை.

தோளுக்கு இது வரம். வண்டிக்கு இதுவே வில்லங்கம். எப்படி? டிராலியில் பையின் அடி ஒரு தட்டில் உட்காருகிறது, மேலே ஒரு பட்டை இறுக்குகிறது. பை சாய்ந்தே இருப்பதால் அடியில் இருக்கிற கீலுக்கு, "சரி, தரையில் ஊன்றிவிட்டார்கள் போலிருக்கு" என்ற நினைப்பு. கால் விரியப் பார்க்கும். மேடு பள்ளத்தில் கடகடவென்று ஆடும், பை ஒரு பக்கமாகத் திரும்பிக்கொள்ளும். எந்தப் பக்கம் படுக்க வைத்தாலும் ஒன்று தோள்பட்டை நசுங்கும், இல்லையென்றால் கால் இடிக்கும். ஹைப்ரிட் என்று எழுதி விற்பதாலேயே இது தீர்ந்துவிட்டது என்று நம்பக்கூடாது. காலை மடக்கிப் பூட்டுகிற கிளிப்போ பட்டையோ இருக்கிறதா? அடித்தட்டு அகலமாக, தட்டில் உருளாதபடி வெட்டு விட்டு இருக்கிறதா? டிராலிப் பட்டை போவதற்குப் பாக்கெட்டுக்குப் பின்னால் தனி வழி விட்டிருக்கிறார்களா? இல்லையென்றால் ஒவ்வொரு முறை பந்து எடுக்கவும் பட்டையை அவிழ்க்க வேண்டும். தோள்பட்டை கழற்றி மாட்டும்படி இருந்தால் உத்தமம்.

2019-ல் திண்டுக்கல் பூட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்த ஊரில் படித்துவிட்டு, காலைப் பூட்டாத பையை வாங்கிக்கொண்டு போனால் நம்ம ஊர்ப் பட்டறைக்காரர்கள் மன்னிக்க மாட்டார்கள்.

அடுத்தது தோள். பழைய பைகளில் ஒற்றைப் பட்டைதான். ஒரு தோள் தொங்கும், உடம்பு எதிர்ப்பக்கம் வளையும். இப்போது இரட்டைப் பட்டை வழக்கமாகிவிட்டது. ஆனால் பட்டை இரண்டாக இருந்தால் மட்டும் போதாது, பட்டைகள் பையில் எங்கே இணைகின்றன என்பதுதான் விஷயம். தைப்பூசத்துக்கு நம் ஊர் வழியாகப் பழநிக்கு நடக்கிறவர்களைப் பாருங்கள். காவடித் தண்டின் எந்த இடம் தோளில் உட்கார வேண்டும் என்று அவர்களுக்கு யாரும் சென்டர் ஆஃப் கிராவிட்டி சொல்லித்தரவில்லை. சிறுமலையில் குதிரை முதுகில் வாழைத்தார் ஏற்றுகிறவரும் இரண்டு பக்கமும் சமம் பார்த்துத்தான் ஏற்றுவார். கோல்ஃப் பையில் மட்டைத் தலைகள் எல்லாம் ஒரே முனையில் இருப்பதால் பாரம் அந்தப் பக்கம் ஓடும். பட்டை இணையும் இரண்டு இடங்களுக்கு நடுவில் பாரமையம் விழ வேண்டும். சோதிப்பது சுலபம். நிறைத்த பையைத் தோளில் போட்டு, இரண்டு கையையும் விட்டுவிடுங்கள். பை கிட்டத்தட்டப் படுக்கையாக, மட்டைத் தலைப்பக்கம் கொஞ்சம் உயர்ந்து நின்றால் சரி. தலை தொங்கினால் பட்டையைச் சரிசெய்து பாருங்கள், பந்தையும் தண்ணீரையும் அடிப்பக்கப் பாக்கெட்டுக்கு மாற்றிப் பாருங்கள். அப்போதும் தொங்கினால் கடைக்காரருக்கு நன்றி சொல்லிவிட்டு வந்துவிடலாம்.

காலிப் பையைத் தூக்கிப் பார்த்து வாங்குவது, காலிச் சிலிண்டரைத் தூக்கிப் பார்த்து கேஸ் வாங்குவது மாதிரி. உங்கள் மட்டைகளையும் இரண்டு பாட்டில் தண்ணீரையும் கொண்டுபோய், கடையின் மாடிப்படியில் நாலு தடவை ஏறி இறங்குங்கள். எனக்கு வாய்ப்பு இருந்தால் மலைக்கோட்டைப் படியில் ஏறச் சொல்வேன்.

மேலே மட்டைகளைப் பிரிக்கும் அறைகள் பற்றிச் சண்டையே நடக்கும். 14 மட்டைக்கு 14 அறை என்பது பார்க்க அழகு, வண்டியில் வைத்தால் மட்டைகள் ஒன்றோடொன்று மோதாது. ஆனால் தடுப்பு அடிவரை போனால் எடை கூடும். பாதியில் நின்றால் அடியில் பிடிகள் கூடிச் சிக்கிக்கொள்ளும், ஒன்றை இழுத்தால் இரண்டு வரும். தோள், வண்டி இரண்டுக்கும் என்றால் நாலைந்து அறை போதும் என்பேன்.

விலை என்று பார்த்தால் டெக்கத்லான் கடையின் இனிசிஸ் போன்றவை சிக்கனமானவை. டைட்டிலிஸ்ட், பிங், சன் மவுண்டன் என்று போனால் 20,000, 30,000 என்று சாதாரணமாக ஏறும். ஒரு கிலோ எடை குறைவதற்காக 10,000 ரூபாய் கூடுதலாகக் கொடுக்கத் தயாராக இருக்கிறவர்கள், இரண்டாவது தண்ணீர் பாட்டிலையும் 15 பந்துகளையும் வெளியே எடுக்கத் தயாராக இல்லை. 14 என்பது மேல்வரம்புதான், கீழ்வரம்பு கிடையாது. கொடைக்கானலுக்கு 9 மட்டை எடுத்துப் போங்கள். 2 கிலோ மிச்சம், காசு செலவில்லாமல்.

வண்டி உண்மையிலேயே உதவுகிறதா? பை 12, டிராலி 6, மொத்தம் 18 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். புல்லில் உருளும் தடையை எட்டு சதவீதம் என்று எடுத்தால் சமதளத்தில் ஒன்றரை கிலோ விசை போதும். பத்துக்கு ஒன்று ஏற்றத்தில் இன்னொரு 1.8 கிலோ. தோளில் 12 கிலோ எங்கே, கையில் 3 கிலோ எங்கே! அமெரிக்காவில் டென்வர் பக்கம் நீல் உல்கோடாஃப் என்பவர் 2008-ல் வெளியிட்ட ஆய்வில், 9 குழிக்குத் தோளில் சுமந்தவர்கள் 721 கலோரியும், வண்டி தள்ளியவர்கள் 718 கலோரியும் செலவழித்தார்கள் என்று வந்தது. சிறிய ஆய்வுதான், எட்டுப் பேர். ஆனாலும் "தூக்கினாத்தான் எக்சர்சைஸ்" என்பவர்கள் இதைக் கேட்டுக்கொள்ளட்டும். அவர்களில் நன்றாக ஆடியவர்களும் வண்டி தள்ளியவர்கள்தான்.

ஆனால் பக்கவாட்டுச் சரிவில், அதுவும் மழை பெய்த ஈரப் புல்லில், வண்டி கவிழும். கொடைக்கானல் மாதிரி இடத்தில் தோள் வேண்டியிருப்பது அதனால்தான். அங்கே மழையும் மூடுபனியும் கேட்டுக்கொண்டு வருவதில்லை. துணி நீர் புகாததாக இருந்தாலும் தண்ணீர் தையலிலும் ஜிப்பிலும்தான் நுழைகிறது. தையலின் உள்பக்கம் டேப் ஒட்டியிருக்கிறார்களா என்று விரலை விட்டுப் பாருங்கள். ஜிப்பை ஒற்றைக் கையால் பத்துத் தடவை இழுத்துப் பாருங்கள். நல்ல பை சாவதெல்லாம் ஜிப் போய்த்தான்.

ஒரு விஷயம் கொஞ்சம் அழுத்தியே சொல்ல வேண்டும். பை வாங்குகிறவர் ஒருவர், சுமக்கிறவர் இன்னொருவர் என்பது நம் நாட்டில் நடப்பு. 1991-ல் இந்தியன் ஓப்பனை வென்ற முதல் இந்தியத் தொழில்முறை ஆட்டக்காரர் அலி ஷேர், டெல்லியில் கேடியாக இருந்து வந்தவர். 2009-ல் அதே பட்டத்தை வென்ற பெங்களூரு முனியப்பாவும் அப்படித்தான். அவர்கள் எல்லாரும் பிறர் பையைச் சுமந்த தோள்கள். "கேடிதானே தூக்கப்போறார்" என்று 4 கிலோ பையில் ஆறு பாட்டில் போட்டுக் கொடுக்கிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். கேடியோடு போகிறவர்களுக்கும் இரட்டைப் பட்டை வேண்டும், அந்தப் பட்டையை அவர் உயரத்துக்கு மாற்றிக் கொடுக்க வேண்டும். இரண்டு நிமிட வேலை. அவருக்கும் எல்-4, எல்-5 இருக்கிறது.

அண்ணன் கடைசியில் என்ன வாங்கினார் என்றால், கால் பூட்டுகிற, ஐந்து அறை ஹைப்ரிட் பை, கூடவே மூன்று சக்கரம் வைத்துத் தள்ளுகிற டிராலி. இழுக்கிற இரண்டு சக்கர வண்டி உடம்பைத் திருப்பும் என்று அதை டாக்டரே வேண்டாம் என்றுவிட்டார். சமதளத்தில் 14 மட்டை, மலையில் 9. தோளில் போடுவது அவருக்கு டாக்டர் கணக்கில் மாதம் இரண்டு நாள்தான். இப்போது மூன்றாவது வரிசையில் உட்கார்ந்துகொண்டு, பேர் சொல்லிவிடாதே என்று சைகை காட்டுகிறார். சொல்லவில்லை அண்ணா. பை அவர் கார் டிக்கியில் இருக்கிறது. பார்க்க வேண்டும் என்கிற தம்பிகள் சாப்பாட்டு இடைவேளையில் அவரைப் பிடித்துக்கொள்ளலாம். பையை இறக்கி வைக்கிற வேலை மட்டும் உங்களுடையது.