படிக்கும் பிள்ளைக்கு வீட்டில் இடம் எங்கே?

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு விழாவில் இலக்கியம் பேசாமல் வீட்டு அலங்காரம் பேச வந்திருக்கிறானே இவன் என்று சிலர் எண்ணக்கூடும். செயலாளர் அவர்கள் என்னிடம் தலைப்புக் கேட்டபோது, கல்லூரி மாணவர் வாழ்க்கையைப் பற்றிப் பேசுகிறேன் என்றேன். அதையே எண்ணிக்கொண்டிருந்தபோது, மாணவர் வாழ்க்கையின் பாதி கல்லூரியில் இல்லை, வீட்டில் இருக்கிறது என்ற எண்ணம் வலுப்பட்டது. வீட்டில் எங்கே இருக்கிறது என்று தேடிப் பார்த்தால், பல வீடுகளில் எங்குமே இல்லை. அதைத்தான் இன்று பேச விரும்புகிறேன்.

நம் இரு ஊர்களுக்கும் உயர்கல்வி பிந்தி வந்த ஒன்று. விழுப்புரத்தில் அறிஞர் அண்ணா அரசு கலைக் கல்லூரியும், திண்டிவனத்தில் திரு ஆ. கோவிந்தசாமி அரசு கலைக் கல்லூரியும் 1960களின் பிற்பகுதியில் எழுந்தவை. அதற்கு முன்பு இப்பகுதிப் பிள்ளைகள் கடலூருக்கோ, சிதம்பரத்திற்கோ, புதுச்சேரிக்கோ, சென்னைக்கோ போக வேண்டியிருந்தது; போக முடிந்தவர் சிலரே. திண்டிவனம் கல்லூரி தாங்கி நிற்கும் பெயர், 1967இல் அண்ணா அமைத்த அமைச்சரவையில் வேளாண்மை அமைச்சராக இருந்தவரின் பெயர். உழவர் வீட்டுப் பிள்ளைகள் நிறைந்த கல்லூரிக்கு அது பொருத்தமான பெயர் என்றே நான் கருதுகிறேன். இன்று விழுப்புரத்தையடுத்த முண்டியம்பாக்கத்தில் மருத்துவக் கல்லூரி இருக்கிறது. அண்ணா பல்கலைக்கழகத்தின் உறுப்புப் பொறியியல் கல்லூரிகள் இரு ஊர்களிலும் இருக்கின்றன. கல்லூரிகள் பெருகின. அவற்றிற்குப் பிள்ளைகளை அனுப்பும் வீடுகள் எப்படி இருக்கின்றன என்பதை மட்டும் நாம் கேட்டதில்லை.

விழுப்புரம் கல்லூரியில் தமிழ் கற்பித்தவர் கவிஞர் த. பழமலய். அவருடைய ‘சனங்களின் கதை’ 1988இல் வெளிவந்தபோது, அதுவரை கவிதைக்குள் நுழைய அனுமதி பெறாத நம் பகுதி மக்கள், தத்தம் பேச்சோடும் உறவுப் பெயர்களோடும் உள்ளே வந்து அமர்ந்தார்கள். கல்லூரி ஆசிரியர் ஒருவர் தம் மாணவர்களின் வீட்டு வாசல்வரை நடந்து சென்றதன் பயன் என்று அந்நூலை நான் படிப்பதுண்டு. திண்டிவனத்திலும் அப்படி ஒருவர் உண்டு. அரசுக் கல்லூரியில் பேராசிரியராக இருந்து, பின்னர் இருளர் மக்களின் உரிமைக்காகவும் தாய்மொழிக் கல்விக்காகவும் தம்மை ஒப்படைத்துக்கொண்ட பிரபா கல்விமணி அவர்கள். ரோசணைப் பகுதியில் அவர் வளர்த்த தாய்த்தமிழ்ப் பள்ளியை இங்குள்ள பலர் அறிவீர்கள். ஏரிக்கரையிலும் வயல் ஓரத்திலும் குனிந்து நுழையும் குடிசையில் வாழும் குடும்பத்துப் பிள்ளைக்குப் புத்தகத்தை மட்டும் கொடுத்தால் போதாது, அதைப் பிரித்து வைக்க ஓர் இடமும் வேண்டும் என்பதை இத்தகையோரின் பணியே நமக்குக் காட்டியது.

ஒரு மாணவியைப் பற்றிச் சொல்ல வேண்டும். பெயரும் ஊரும் வேண்டா. பருவத் தேர்வு நாள்களில் காலை ஏழு மணிக்கே வந்து, கல்லூரி வாயில் திறக்கும்வரை வெளியே வேப்பமரத்தடியில் அமர்ந்து படித்துக்கொண்டிருப்பாள். தேர்வோ பத்து மணிக்கு. முதல் பேருந்தை விட்டால் அடுத்தது தாமதமாகும் போலும் என்று நான் எண்ணியிருந்தேன். ஒருநாள் கேட்டபோது, “வீட்ல ஒரே ரூம்பு சார். அண்ணனுக்கு இப்பத்தான் கல்யாணம் ஆச்சு” என்றாள். அதற்குமேல் அவளும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. இரவில் எங்கே படிக்கிறாள் என்பது பின்னர் அவள் தோழியர் வாயிலாகத் தெரிந்தது. அடுக்களையில், எல்லாரும் உண்டு முடித்துப் பாத்திரம் கழுவிய ஈரம் காய்ந்த பிறகு. அதுவும் மல்லாட்டை பறிப்புக் காலம் வந்துவிட்டால் இல்லை. மூட்டைகள் அடுக்களைவரை வந்துவிடும். இறவைப் பாசனத்தில் மார்கழியில் விதைத்த மல்லாட்டை பங்குனி, சித்திரையில் வீட்டுக்கு வருகிறது. கல்லூரித் தேர்வும் அப்போதுதான் வருகிறது. எந்தப் பல்கலைக்கழக நாட்காட்டியும் இதைக் கணக்கில் கொண்டதாக நான் அறியேன்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. அதே காலத்தில் நம் ஊர்களில் வீடுகள் மாறிவிட்டன. கூரை போய்த் தளம் வந்தது. 2011இல் தொடங்கிய பசுமை வீட்டுத் திட்டம் 300 சதுர அடி தந்தது. 2016 முதல் நடைபெறும் ஒன்றிய அரசின் ஊரக வீட்டுத் திட்டம் குறைந்தது 25 சதுர மீட்டர் என்று வகுத்தது. 2024இல் வந்த கலைஞரின் கனவு இல்லம் 360 சதுர அடி. சொந்தக் கைப்பொருளில் கட்டுவோர் இன்னும் பெரிதாகக் கட்டுகிறார்கள். கட்டியபின் அலங்கரிக்கிறார்கள். கூடத்தில் கண்ணாடி அலமாரி, அதில் எவரும் எடுத்துப் பயன்படுத்தாத பீங்கான் கோப்பைகள், தூசி படிந்த பிளாஸ்டிக் ரோசாக்கள், பண்ருட்டிப் பொம்மைகள். எதிர்ச்சுவரில் தொலைக்காட்சி. அதற்கு மேலே, கறுப்பு அங்கியும் தொப்பியும் அணிந்து கையில் சுருட்டிய காகிதத்தோடு மூத்த பிள்ளை நிற்கும் பட்டமளிப்பு விழாப் படம். படத்தை மாட்டச் சுவரில் இடம் இருக்கிறது. அந்தப் பட்டத்தை இப்போது படித்துக்கொண்டிருக்கும் இளைய பிள்ளைக்குத் தரையில் இடம் இல்லை.

அலங்காரத்தை நான் பழிக்கவில்லை. வாசலில் கோலமும் நிலைப்படியில் மஞ்சளும் இல்லாத வீடு எனக்கும் உவப்பானதன்று. கள்ளக்குறிச்சி மரச்சிற்பத்திற்கு 2021இல் புவிசார் குறியீடு கிடைத்தபோது மகிழ்ந்தவர்களில் நானும் ஒருவன். 2019இல் மாவட்டம் பிரிந்தபின்னும் அது நம் ஊர்க் கலைதான் என்று உரிமை கொண்டாடுகிறேன். நான் கேட்பதெல்லாம், வீட்டை அழகு செய்யும் கையும் பணமும் ஒரு நான்கடி நீளத்தைப் படிக்கும் பிள்ளைக்காக ஒதுக்கட்டும் என்பதே.

அந்த நான்கடியை எங்கே ஒதுக்குவது? மேற்குச் சுவரை ஒட்டி வேண்டா. நம் வெயிலில் பிற்பகல் முழுதும் காய்ந்த செங்கற்சுவர் இரவில்தான் அந்த வெப்பத்தை உள்ளே விடும். பிள்ளை படிக்க அமரும் நேரமும் அதுவே. வடக்குச் சன்னலின் அருகு நல்லது. நாம் ஏறத்தாழ 12 பாகை வட அகலக்கோட்டில் இருப்பதால், சித்திரை நடுவிலிருந்து ஆவணித் தொடக்கம்வரை உள்ள நான்கு மாதங்கள் நீங்கலாக, வடக்குச் சன்னலில் வெயில் நேரே விழுவதில்லை. வெளிச்சம் மட்டும் வரும். அந்த மாதங்களுக்கு ஒரு பழைய வேட்டியைத் திரையாகத் தொங்கவிட்டால் போதும். வலக்கையால் எழுதுவோர்க்கு விளக்கு இடப்பக்கம் இருக்க வேண்டும், இன்றேல் கையின் நிழலே எழுத்தை மறைக்கும். கூடத்தின் உச்சியில் ஒரு விளக்கை மாட்டிவிட்டு வீடு முழுதும் வெளிச்சம் என்று நிறைவடைகிறோம். படிப்பவர் தன் நிழலின் மேலேயே குனிந்து கிடக்கிறார். தாளுக்கு அருகே ஒரு சிறிய எல்.இ.டி. விளக்கு எட்டு, ஒன்பது வாட்டுக்கு மேல் தின்னாது. ஓரறை வீட்டில் அதற்கு இன்னொரு பயனும் உண்டு. பெரிய விளக்கை அணைத்துவிட்டு மற்றவர் உறங்கலாம்.

சுவருக்கு இக்காலத்தில் அடர்ந்த ஊதாவும் கிளிப்பச்சையும் பூசுகிறார்கள். கண்ணுக்கு இனிமைதான், ஆனால் அவை வெளிச்சத்தை விழுங்குகின்றன. பொங்கலுக்கு முன் சிறிது நீலம் கலந்து அடித்த சுண்ணாம்பு அரை வெளிச்சத்தையும் அறை முழுதும் பரப்பியது. கூடத்திற்கு எந்த நிறம் வேண்டுமானாலும் பூசுங்கள், படிக்கும் மூலையின் சுவரும் மேல்தளமும் வெள்ளையாக இருக்கட்டும்.

மேசை, நாற்காலி வாங்க இயலாதவர் வருந்த வேண்டியதில்லை. பழைய மண்டிகளில் கணக்குப்பிள்ளைகள் சம்மணமிட்டு அமர்ந்து எழுதிய சாய்வுப்பலகை நாற்காலியைவிடக் குறைந்த இடத்தில் அடங்கும். ஓர் அடிக்குச் சற்றுக் குறைந்த உயரம், எழுதுபவர் பக்கம் சரிவு. உள்ளூர்த் தச்சர் மிச்சப் பலகையில் செய்து தருவார். படித்து முடித்தபின் சுவரோரம் நிமிர்த்தி வைத்துவிட்டால் அவ்விடத்தில் பாய் விரிக்கலாம். மேசைதான் வேண்டும் என்போர் முப்பதங்குல உயரத்தை மிஞ்ச விடவேண்டா. தோள் தூக்கி எழுதும் பிள்ளை ஒரு மணி நேரத்தில் எழுந்துவிடும்.

மாடக்குழியை நாம் இழந்ததைப் பற்றித் தனியே ஓர் உரை நிகழ்த்தலாம். மண்சுவர் வீட்டில் விளக்குக்கு ஒன்று, வெற்றிலைப் பெட்டிக்கு ஒன்று, பாட்டியின் சுருக்குப்பைக்கு ஒன்று என்று சுவரே அலமாரியாக இருந்தது. இப்போதைய மெல்லிய சுவரில் குழி வைக்க முடியாது. ஒரு பலகையை இரும்புத் தாங்கியில் மாட்டலாம். மாட்டும்போது அமர்ந்தவர் கை நீட்டினால் எட்டும் உயரத்தில் மாட்டுங்கள். சீர்காழியில் 1892இல் பிறந்து, நூலகத்துறைக்கு ஐந்து விதிகளை 1931இல் வகுத்தளித்த இரங்கநாதன், அவற்றுள் ஒன்றாகப் படிப்பவரின் நேரத்தைக் காப்பதை வைத்தார். பெரிய நூலகத்துக்குச் சொன்னது ஒற்றைப் பலகைக்கும் பொருந்தும். புத்தகத்தைத் தேடி டிரங்குப் பெட்டியைக் குடைந்து முடிப்பதற்குள் மின்சாரம் போய்விடும்.

ஆனால் ஒரு பொருளை மட்டும் கைக்கெட்டும் இடத்தில் வைக்காதீர்கள். சான்றிதழ்களைச் சொல்கிறேன். 2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் புயல் கரை கடந்தபோது மயிலத்தில் ஒரே நாளில் 51 சென்டிமீட்டர் மழை கொட்டியது. மாவட்டத்தின் தாழ்வான பகுதிகளில் வீடுகளுக்குள் தண்ணீர் நின்றது. கட்டிலுக்கு அடியில் வைத்திருந்த மதிப்பெண் பட்டியலும் சாதிச் சான்றிதழும் கூழாயின. முதல் தலைமுறையில் படிக்கும் பிள்ளைக்கு அந்தத் தாள்களை மீண்டும் பெறுவது இன்னொரு பட்டம் பெறுவது போன்ற உழைப்பு. பரணில், தடித்த நெகிழி உறைக்குள், மூடியுள்ள தகரப்பெட்டியில் வையுங்கள். படியெடுத்து உறவினர் வீட்டிலும் ஒன்று வையுங்கள்.

இடத்தைப் பேசும்போது நேரத்தையும் பேச வேண்டியிருக்கிறது. 2006 முதல் பல அரசுக் கலைக் கல்லூரிகளில் காலை, மாலை என இரு சுழற்சி வகுப்புகள் வந்தன. நிறையப் பிள்ளைகளுக்கு இடம் கிடைத்தது. அதே வேளையில், மாணவரின் பாதிப் பகல் வீட்டின் பொறுப்பில் விழுந்தது. ஆண்பிள்ளையாயின் அந்தப் பாதிப் பகலில் ஒரு கடையில் நிற்கிறான், பெண்பிள்ளையாயின் வீட்டு வேலை முழுவதும் அவள் தலையில். 2022இல் தொடங்கிய புதுமைப்பெண் திட்டமும், 2024இல் ஆண்களுக்கென வந்த தமிழ்ப்புதல்வன் திட்டமும் மாதம் ஆயிரம் ரூபாய் தருவதாக அமைந்தவை. அப்பணம் பேருந்துக்கும் புத்தகத்திற்கும் உதவும், மாலை ஏழு மணிமுதல் ஒன்பது மணிவரை தொலைக்காட்சியை அணைக்க உதவாது. அதை வீட்டில் உள்ள பெரியவர்தான் செய்ய வேண்டும். நாடகத் தொடரை விட்டுக்கொடுப்பது கண்ணாடி அலமாரி வாங்குவதைவிடக் கடினம் என்பதை நான் அறிவேன்; என் வீட்டிலேயே அறிவேன்.

இடமே இல்லாத வீடுகளுக்கு என்ன செய்வது என்ற கேள்வி எஞ்சி நிற்கிறது. பொது நூலகச் சட்டத்தை இந்தியாவில் முதன்முதலாக 1948இல் இயற்றிய மாகாணம் நம்முடையது. அதன் வழிவந்த நூலகங்கள் ஊருக்கு ஊர் உள்ளன. ஆயினும் இருட்டிய பிறகு அவற்றில் அமர்ந்து படிக்க இயலுமா, பெண்பிள்ளை பாதுகாப்பாக வீடு திரும்ப இயலுமா என்பவற்றைப் பொறுத்தே அவற்றின் பயன் அமையும்.

நம் வட்டம் மாதம் ஒருமுறை கூடும் அறை, மற்ற நாள்களில் பூட்டிக் கிடக்கிறது. அதில் இரண்டு மின்விசிறிகள், நான்கு குழல்விளக்குகள், முப்பது நாற்காலிகள். ஏப்ரல், நவம்பர் மாதங்களில் மாலை ஆறு மணிமுதல் ஒன்பது மணிவரை அதைத் திறந்து வைப்பதென்றால், உறுப்பினர் ஒருவர் நாளுக்கு ஒருவராக வந்து அமர வேண்டும். கடைசிப் பேருந்துக்குப் போகும் பெண்பிள்ளைகளோடு நிறுத்தம்வரை நடக்க வேண்டும். மின்கட்டணம் கூடும். இவற்றைச் செயலாளர் அவர்களிடம் முன்பே சொன்னேன். சாவி தம்மிடம் இருப்பதாகவும், வரும் கூட்டத்தில் பொருள் எண் ஒன்றாக வைப்பதாகவும் சொல்லியிருக்கிறார். திங்கட்கிழமைக்கும் வியாழக்கிழமைக்கும் என் பெயரை எழுதிக்கொள்ளுமாறு இப்போதே கேட்டுக்கொள்கிறேன்.