மேலவை வழியாக வந்த முதல்வர்

ஓசூரை அடுத்த தொரப்பள்ளியில் 1878-இல் ராஜாஜி பிறந்தபோது, டென்மார்க்கில் எஸ்ட்ரூப் என்ற பெருநிலக்கிழார் பிரதமராகி மூன்றாண்டுகள் ஆகியிருந்தன. பழமைவாதியான அவரை 1894 வரை யாராலும் அசைக்க முடியவில்லை. 1884 தேர்தலில் கீழவையின் 102 இடங்களில் அவர் தரப்புக்குக் கிடைத்தவை வெறும் 19. ஆனால் மேலவை அவர் பக்கம், அரசரும் அவர் பக்கம். வரவு செலவுத் திட்டத்தைக் கீழவை மறுத்தால் கூட்டத்தொடரை முடித்துவிடுவார். அவை கூடாத காலத்தில் அரசர் தற்காலிகச் சட்டம் பிறப்பிக்கலாம் என்றொரு பிரிவு அரசியல் சட்டத்தில் இருந்தது; அதை வைத்தே வரி வசூலித்தார், கோபன்ஹேகனைச் சுற்றி அரண்களும் கட்டினார்.

1952-இல் சென்னை மாநிலத்தின் நிலையும் ஏறக்குறைய இதுதான். 375 இடங்களில் காங்கிரஸுக்கு 152. எதிரணியோ முன்னாள் முதல்வர் பிரகாசத்தின் தலைமையில் ஒன்றுகூடி ஆட்சி கேட்டது. தேர்தலிலேயே நிற்காத ராஜாஜியை ஆளுநர் ஸ்ரீபிரகாசா மேலவைக்கு நியமித்து முதல்வராக்கினார். இரண்டையும் ஒன்றாகப் பார்க்கலாமா, ராஜாஜி பேரவையில் பெரும்பான்மையைக் காட்டினாரே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. காமன்வீல் கட்சியின் மாணிக்கவேல் நாயக்கரை அமைச்சராக்கியும் சிறு கட்சிகளைச் சேர்த்துக்கொண்டும் அவர் நம்பிக்கை வாக்கை வென்றது உண்மை. உணவுக் கட்டுப்பாட்டை நீக்கியபோது மக்கள் பாராட்டவும் செய்தார்கள். ஆகவே வந்த வழி மட்டும் அவரைக் கவிழ்த்துவிடவில்லை என்பது என் கணிப்பு. கேட்காமலே செய்யலாம் என்ற துணிவை அந்த வழி அவருக்குத் தந்தது. வினை அங்கேதான் தொடங்கியது.

1953-இல் கிராமத் தொடக்கப் பள்ளிகளில் நாளுக்கு மூன்று மணி நேரம் பாடம், மிச்ச நேரம் பெற்றோரின் தொழில் என்று ஒரு திட்டம் வந்தது. பேரவையின் ஒப்புதலைப் பெறாமல் நிர்வாக உத்தரவாகவே வந்தது. பதினான்கு வயது வரை எல்லோருக்கும் கல்வி தர முயல வேண்டும் என்றது அன்றைய அரசியல் சட்டம். அதற்குப் போதிய கட்டடமும் இல்லை, ஆசிரியரும் இல்லை. இரண்டு முறை வகுப்பு வைத்தால் இரு மடங்கு பிள்ளைகள் படிக்கலாமே என்பார்கள் அவருக்காகப் பேசுவோர். கணக்கு சரிதான். ஆனால் அப்பன் தொழிலே மகனுக்கும் என்று யார் தீர்மானித்தது? இருபதே ஆண்டுகளில், அவர் பிறந்த ஊருக்குப் பக்கத்திலேயே, ஓசூரில் சிப்காட் தொழிற்பேட்டை வந்துவிட்டது. எந்தப் பரம்பரைத் தொழிலிலும் இல்லாத வேலைகள் அங்கே உருவாயின. குலக்கல்வி என்று எதிர்ப்பு கிளம்பியதும் காங்கிரஸ் உறுப்பினர்களே கலங்கினார்கள். அடுத்த தேர்தலில் அந்தக் கிராமங்களுக்கே அவர்கள் ஓட்டுக் கேட்டுப் போகவேண்டும்; ராஜாஜிக்கு அந்தக் கவலை இல்லை. எஸ்ட்ரூப் பத்தொன்பது ஆண்டு நிலைத்ததற்கும் ராஜாஜி இரண்டே ஆண்டில் விலகியதற்கும் காரணம் அவர்களுடைய குணமோ திறமையோ அல்ல. டென்மார்க்கில் பாதிக்கப்பட்டவர்களின் ஓட்டு பிரதமரைத் தொடவில்லை. இங்கே அது முதல்வரின் சொந்தக் கட்சி வழியாகவே வந்து தொட்டது.

1954 ஏப்ரலில் முதல்வரான காமராஜர் அந்தத் திட்டத்தைக் கைவிட்டார். அவரும் அப்போது சட்டமன்ற உறுப்பினர் அல்லர், நாடாளுமன்ற உறுப்பினர். மேலவைக் கதவு அவருக்கும் திறந்தே இருந்தது. அவரோ குடியாத்தம் இடைத்தேர்தலில் நின்று, வென்று, பேரவைக்கு வந்தார். 1963 வரை முதல்வராக இருந்தார்.