யாங்கி அரங்கில் 8 நிமிடம் 15 வினாடி

1958-ஆம் ஆண்டு டிசம்பர் 28-ஆம் நாள் நியூயார்க் நகரின் யாங்கி அரங்கில் பால்டிமோர் கோல்ட்ஸ் அணியும் நியூயார்க் ஜயன்ட்ஸ் அணியும் மோதிய சாம்பியன்ஷிப் ஆட்டத்தை, அமெரிக்கக் கால்பந்து வரலாற்றின் தலைசிறந்த ஆட்டமென்று அந்நாட்டு மக்கள் இன்றும் போற்றுகின்றனர். எனினும் ஆட்டக் குறிப்புகளைப் பொறுமையாகப் புரட்டுபவர் கண்ணில் முதலில் படுபவை அதன் பிழைகளே. தலைசிறந்தது என்ற பட்டத்தை அந்த ஆட்டத்துக்குத் தேடித் தந்தது திறமையின் தூய்மையைவிடக் கடிகாரத்தின் நெருக்கடியே என்பது இங்கு எடுத்துரைக்கத் தக்கது.

அமெரிக்கக் கால்பந்தில் பந்தைக் கைக்கொண்ட அணிக்கு 10 யார்டு தூரம் முன்னேற நான்கு முயற்சிகள் உண்டு. அதற்குள் முன்னேறினால் மீண்டும் நான்கு முயற்சிகள் கிடைக்கும், முன்னேற இயலாது எனத் தோன்றினால் நான்காம் முயற்சியில் பந்தை எதிரணியின் பக்கம் தொலைவாக உதைத்துவிடுவார்கள். எல்லைக்கோட்டைத் தாண்டிப் பந்தைக் கொண்டுசேர்ப்பது டச்டவுன், அதற்கு 6 புள்ளிகள். அதன் பிறகான உதைக்கு ஒரு புள்ளி. கம்பங்களுக்கிடையே உதைத்தனுப்பும் ஃபீல்ட் கோலுக்கு 3 புள்ளிகள். தாக்குதலை நடத்தும் ஆட்டக்காரர் குவார்ட்டர்பேக் எனப்படுவார்; அக்காலத்தில் அடுத்த நகர்வு எதுவென்பதைக் களத்தில் நின்று பெரும்பாலும் அவரே தீர்மானித்தார்.

முற்பாதியைப் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. ஜயன்ட்ஸின் நட்சத்திரம் ஃபிராங்க் கிஃபர்ட் இருமுறை பந்தைக் கைநழுவ விட, இரண்டும் கோல்ட்ஸின் டச்டவுன்களாக முடிந்து, இடைவேளையில் 14-3 என்ற நிலை. மூன்றாம் கால் பகுதியில் எல்லைக்கோட்டருகே வந்து நின்ற கோல்ட்ஸை நான்கு முயற்சிகளிலும் தடுத்துத் திருப்பிய ஜயன்ட்ஸ், அடுத்த தாக்குதலில் கைல் ரோட் நழுவவிட்ட பந்தைச் சக வீரர் அலெக்ஸ் வெப்ஸ்டர் பொறுக்கிக்கொண்டு ஓடிய அதிர்ஷ்டத்தால் எழுந்து நின்று, கடைசிக் கால் பகுதியின் தொடக்கத்தில் 17-14 என முந்தியது. தடுமாறிய கிஃபர்டே அந்த டச்டவுனையும் அடித்தார் என்பதைச் சொல்லாமல் விடுவது அவருக்கு நீதியாகாது.

ஆட்டம் முடிய மூன்று நிமிடத்துக்கும் குறைவாக இருந்தபோது, இன்னும் 4 யார்டு ஓடினால் கடிகாரத்தைக் கரைத்தே வென்றுவிடலாம் என்ற நிலையில், மூன்றாம் முயற்சியாகப் பந்து கிஃபர்டின் கையில் தரப்பட்டது. அவரை ஜீனோ மார்கெட்டி பிடித்து வீழ்த்த, அந்தக் குவியலின் மேல் மார்கெட்டியின் சக வீரரான பேருருவத்தார் லிப்ஸ்கோம்ப் வந்து விழ, மார்கெட்டியின் கணுக்கால் முறிந்தது. அலறலுக்கிடையே நடுவர் பந்தை வைத்த இடத்திலிருந்து சங்கிலியிட்டு அளந்தபோது சில அங்குலம் குறைந்தது. தாம் அந்தத் தூரத்தைக் கடந்துவிட்டதாகவே கிஃபர்ட் கடைசிவரை சாதித்தார். ஸ்ட்ரெச்சரில் தூக்கிச் செல்லப்பட்ட மார்கெட்டியோ, உள்ளே போக மறுத்து, களத்தோரத்திலேயே தம்மைக் கிடத்தச் சொல்லி ஆட்டத்தைப் பார்த்தார்.

ஜயன்ட்ஸ் பந்தை உதைத்தனுப்ப, தம் பக்கத்து 14 யார்டு கோட்டில், இரண்டு நிமிடத்துக்கும் குறைவான நேரத்துடன் கோல்ட்ஸ் தொடங்கியது. அதன் குவார்ட்டர்பேக் ஜானி யூனிடாஸ், 1955-இல் பிட்ஸ்பர்க் அணியால் கழித்துவிடப்பட்டு, ஆட்டத்துக்கு ஆறு டாலர் கூலிக்கு உள்ளூர் அணியொன்றில் ஆடியவர். பந்தைப் பிடிக்கும் ரேமண்ட் பெர்ரியோ, அணியின் பயிற்சி முடிந்த பிறகும் யூனிடாஸுடன் நெடுநேரம் நின்று ஒவ்வொரு ஓட்டப் பாதையையும் பழகியவர். அந்தப் பழக்கம் இப்போது கைகொடுத்தது: 25, 15, 22 யார்டு என அடுத்தடுத்து மூன்று வீச்சுகள் பெர்ரியின் கைகளுக்கே போய்ச் சேர்ந்தன. 7 வினாடிகள் மீதமிருக்க, ஸ்டீவ் மைரா ஃபீல்ட் கோல் உதைத்து 17-17 எனச் சமப்படுத்தினார்.

சமநிலையில் முடிந்த சாம்பியன்ஷிப் ஆட்டத்தைக் கூடுதல் நேரத்தில் தொடர்ந்து, முதலில் புள்ளியெடுக்கும் அணியை வெற்றியாளராக அறிவிக்க வேண்டும் என்ற விதி ஏட்டில் இருந்ததேயன்றி, அதுவரை எந்தச் சாம்பியன்ஷிப் ஆட்டத்திலும் பயன்பட்டதில்லை. ஆகவே, அடுத்து என்ன செய்வதென்று ஆட்டக்காரர் பலரே விழித்தனர். பூவா தலையாவில் வென்று பந்தைப் பெற்ற ஜயன்ட்ஸ் 10 யார்டு முன்னேற முடியாமல் உதைத்துவிட, யூனிடாஸ் தம் 20 யார்டு கோட்டிலிருந்து புறப்பட்டார். எல்லையை நெருங்கிய வேளையில் கேபிள் இணைப்பு அறுந்து, நாடெங்கும் லட்சக்கணக்கான வீடுகளில் தொலைக்காட்சித் திரை இருண்டது. அதே நேரம் யாரோ ஒருவர் களத்துக்குள் புகுந்து ஓட, காவலர் அவரை வளைத்துப் பிடிப்பதற்குள் படம் திரும்பியது. அவர் தொலைக்காட்சி நிறுவனத்தின் ஆளே என்று பின்னாளில் பேசப்பட்டது. உண்மையாயின், அன்றைய மிகப் பயனுள்ள ஓட்டங்களுள் அதுவும் ஒன்று.

ஒரு ஃபீல்ட் கோல் போதும் என்ற தூரத்தில் நின்றும் யூனிடாஸ் உதைக்கு இடங்கொடாமல், எதிரணி இடைமறித்தால் எல்லாம் பாழாகக்கூடிய வீச்சொன்றை ஜிம் மட்ஷெல்லருக்கு அனுப்பினார். பந்து 1 யார்டு கோட்டுக்கு வந்தது. அடுத்த நகர்வில் ஆலன் அமீச்சி திறந்து கிடந்த இடைவெளியில் புகுந்து எல்லையைத் தாண்டியபோது, கூடுதல் நேரத்தில் 8 நிமிடம் 15 வினாடி கழிந்திருந்தது. கோல்ட்ஸ் 23, ஜயன்ட்ஸ் 17.

இந்த ஆட்டத்தைப் பார்த்து இத்தொழிலில் இறங்க மனங்கொண்ட டெக்சாஸ் செல்வந்தர் லமார் ஹண்ட், தமக்கு அணி கிடைக்காததால், 1960-இல் களமிறங்கிய போட்டிக் கூட்டமைப்பையே தோற்றுவித்தார். தோற்ற ஜயன்ட்ஸின் துணைப் பயிற்சியாளர்களான வின்ஸ் லொம்பார்டியும் டாம் லாண்ட்ரியும் முறையே கிரீன் பே, டல்லஸ் அணிகளுக்குத் தலைமைப் பயிற்சியாளராயினர். உறையும் குளிரில் 1967 டிசம்பர் 31 அன்று அவ்விருவர் அணிகளும் மோதிய சாம்பியன்ஷிப் ஆட்டத்தின் கடைசி வினாடிகளில், 14-17 எனப் பின்தங்கியிருந்த லொம்பார்டி, சமன்செய்யும் உதையை வேண்டாமென்று ஒதுக்கி, எல்லைக்கோட்டருகே நின்ற குவார்ட்டர்பேக் பார்ட் ஸ்டாரைப் பாயவிட்டு 21-17 என வென்றார்.