ஜபல் ஷம்ஸ்: கழுகுகளுக்கு மேலே ஒரு பாதை



பாலைவனம் என்றதும் மணல்மேடும் ஒட்டகமும்தான் நம் கண்முன் வரும். ஓமான் நாட்டின் வடக்கே இருக்கும் ஹஜர் மலைத்தொடரில் அந்த இரண்டையும் தேடாதீர்கள். அங்கே எங்கு திரும்பினாலும் பாறைதான். சாம்பல் பாறை, பழுப்புப் பாறை, சில இடங்களில் கரி பூசியதுபோலக் கறுத்த பாறை. இந்த மலையில் ஆடும் மனிதரும் நடந்து நடந்து உண்டான ஒரு பாதை இருக்கிறது. இன்றைக்கு அதில் நடக்கலாம், வாருங்கள்.

மஸ்கட்டிலிருந்து நிஸ்வா, அல் ஹம்ரா வழியாக ஏறத்தாழ 240 கிலோமீட்டர் போக வேண்டும். நிஸ்வாவில் பெரிய கோட்டை உண்டு, வெள்ளிக்கிழமை ஆட்டுச் சந்தை உண்டு. அதைப் பற்றிப் பேசினால் நம் நேரம் அங்கேயே தீர்ந்துவிடும், விட்டுவிடுவோம். அல் ஹம்ராவைத் தாண்டியதும் மலை ஏற்றம். மேலே போகப் போகச் சரளைக்கல் பாதையும் குறுக்கிடும் என்பதால் நான்கு சக்கரமும் இழுக்கிற வண்டியில் போவதே நல்லது. போய்ச் சேரும் மலையின் பெயர் ஜபல் ஷம்ஸ். உயரம் 3,000 மீட்டரை ஒட்டி வரும். நம் தொட்டபெட்டாவைவிட அதிகம். மிக உயர்ந்த முகட்டில் ராணுவ நிலையம் இருப்பதால் அங்கே நமக்கு அனுமதி இல்லை. பக்கத்து முகட்டுக்கு ஏறலாம், ஆனால் ஒரு நாள் முழுக்க அதற்கே போய்விடும். பலர் உச்சியைத் தொட்டால்தான் மலையேறியதாகக் கணக்கு என்பார்கள். எனக்கு அந்த ஆசை இல்லை. பள்ளத்தாக்கின் விளிம்போடு போகும் பாதைதான் என் கட்சி.

அது அல் கத்தீம் என்ற சின்னக் குடியிருப்பில் தொடங்குகிறது. இடப்பக்கமோ வலப்பக்கமோ என்று குழம்ப வேண்டியதில்லை. பாறைகளில் மஞ்சள், வெள்ளை, சிவப்புப் பட்டைகள் வரைந்திருக்கிறார்கள். ஒரு பக்கம் செங்குத்தான சுவர். இன்னொரு பக்கம் வாதி நக்ர் என்ற பள்ளத்தாக்கு, ஏறத்தாழ 1,000 மீட்டர் ஆழம். கைப்பிடிக் கம்பி எதுவும் கிடையாது. பாதை ஓரளவு அகலமானதுதான். ஆனாலும் உயரத்தைக் கண்டு தலை சுற்றுகிறவர்கள் கத்தீமிலேயே உட்கார்ந்து தேநீர் குடிப்பது உத்தமம்.

சுவரை உற்றுப் பாருங்கள். அடுக்கடுக்காக வரிகள் தெரியும். இவை கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் கடலடியில் படிந்த சுண்ணாம்புக் கற்கள். சில இடங்களில் கிளிஞ்சல்கள் கல்லாகிப் போய்ப் பதிந்திருக்கும். வழியில் பார்த்த கறுத்த பாறைகள் இன்னும் விசித்திரமானவை. கடலுக்கு அடியில், பல கிலோமீட்டர் ஆழத்தில் இருக்க வேண்டிய புவியோடு அது. தரைமேல் ஏறி உட்கார்ந்திருக்கிறது. உலகெங்குமிருந்து புவியியலாளர்கள் ஓமானுக்கு ஓடி வருவது இதைக் கையால் தொட்டுப் பார்க்கத்தான்.

கொஞ்ச தூரம் நடந்ததும் கீழே பள்ளத்தில் வெள்ளையாக ஏதோ மிதந்து வரும். மஞ்சள்முகப் பாறு. கழுகு பறப்பதை அண்ணாந்து பார்த்தே பழகிய நாம், இங்கே குனிந்து அதன் முதுகைப் பார்க்கிறோம். திருக்கழுக்குன்றத்தில் உச்சிவேளைக்கு வந்து குருக்கள் கையால் பிரசாதம் உண்டதும் இதே இனப் பறவைதான். அங்கே அது வருவது நின்று பல ஆண்டுகள் ஆகின்றன. ஓமானிலோ இன்னும் தாராளமாகத் திரிகிறது.

ஏறத்தாழ 4 கிலோமீட்டர் நடந்தால் அஸ் ஸாப் என்ற ஊர். ஊர் என்று சொல்கிறேன், மனிதர்தான் இல்லை. முன்னுக்குத் தள்ளி நிற்கும் பாறையின் அடியில் கல் வீடுகள். பின்சுவரும் கூரையும் மலையே கொடுத்தது. முன்சுவரை மட்டும் கட்டியிருக்கிறார்கள். கதவு நிலைகள் குனிந்து நுழையும் உயரம்தான். வீடுகளுக்கு எதிரே சரிவில் படிப்படியாக வயல்கள். மண்ணைக் கல்வரப்பு போட்டுப் பிடித்து நிறுத்தி, கோதுமையும் வேறு சிலவும் விளைத்தார்கள். அந்த வரப்புக்கு அப்பால் ஒரு அடி வைத்தால் பள்ளத்தாக்கு.

இந்த அந்தரத்தில் வந்து ஏன் குடியேறினார்கள்? விடை ஊருக்கு மேலே இருக்கிறது. கொஞ்சம் பாறையேறிப் போனால் சுவர் மடிப்பில் ஒரு சுனை. பாறை வழியே கசிந்து வரும் தண்ணீர் அதில் தேங்குகிறது. அவ்வளவுதான் காரணம். ஹஜர் மலையில் தண்ணீர் எங்கே கசிந்ததோ அங்கே மனிதன் வீடு கட்டினான், இடம் வசதியா என்று பார்க்கவில்லை. அடிவாரத்து ஊர்களில் அதே தண்ணீரை அஃப்லாஜ் என்ற வாய்க்கால்கள் மூலம் தோப்புகளுக்குக் கொண்டுபோகிறார்கள். சூரிய நிழலையும் விண்மீன்களையும் பார்த்து ஆளுக்கு இவ்வளவு நேரம் என்று முறை வைத்துப் பாய்ச்சினார்கள். இத்தகைய ஐந்து வாய்க்கால்களை 2006இல் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமாக அறிவித்தது.

பிறகு ஏன் ஊரைவிட்டுப் போனார்கள்? 1970இல் சுல்தான் காபூஸ் ஆட்சிக்கு வந்தபோது ஓமானில் தார்ச்சாலை 10 கிலோமீட்டர் அளவுக்குத்தான் இருந்தது. பிறகு சாலை, பள்ளி, மருத்துவமனை எல்லாம் வந்தன. மலையூர்க்காரர்கள் பலர் இறங்கிப் போய்விட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல நமக்கு நாக்கு எழாது. பிரசவ வலி வந்த பெண்ணை இந்த விளிம்பில் தூக்கிக்கொண்டு நடப்பதை ஒரு கணம் நினைத்துப் பாருங்கள்.

கத்தீமுக்குத் திரும்பினால் ஆடுகள் உங்களைச் சூழ்ந்துகொள்ளும். பையில் வாழைப்பழம் இருந்தால் அவற்றுக்கு உங்களுக்கு முன்பே தெரியும். ஆட்டு ரோமத்தில் நெய்த சிவப்பு, கறுப்பு விரிப்புகளை ஊர்க்காரர்கள் விற்பார்கள். வாங்குங்கள், உழைக்கும்.

மஸ்கட்டில் வேலை பார்க்கும் நம்மவர்கள் இதைக் கேட்டுக்கொண்டிருந்தால் ஒரு வார்த்தை. நவம்பர் முதல் பிப்ரவரி வரை போங்கள். கம்பளியும் வேண்டும், அந்த மாதங்களில் இரவுக் குளிர் உறையும் அளவுக்குப் போகும். நடக்கும்போது ஆளுக்கு 3 லிட்டர் தண்ணீராவது வையுங்கள், சுனையை நம்பாதீர்கள். தொலைவில் எங்காவது மழைமேகம் தெரிந்தாலும் பள்ளத்தாக்கின் அடியில் இறங்காதீர்கள்; எங்கோ பெய்த மழை அங்கே வெள்ளமாக வந்து நிற்கும். அஸ் ஸாப் வரப்புக் கற்கள் சாந்து இல்லாமல் அடுக்கியவை. தயவுசெய்து அவற்றின் மேல் ஏறி நின்று படம் எடுக்காதீர்கள்.