எல்லோருக்கும் ஒரே புத்தகம்

2009 செப்டம்பர் மாதம். அமெரிக்காவில் விஸ்கான்சின் மாநிலத்தின் தலைநகரான மேடிசனில், ஓர் எழுத்தாளரின் பேச்சைக் கேட்கக் கூடைப்பந்து அரங்கு ஒன்றில் ஆயிரக்கணக்கானவர்கள் திரண்டிருந்தார்கள். பேச வந்தவர் மைக்கேல் போலன், உணவைப் பற்றி எழுதிப் பெயர் பெற்றவர். கூட்டத்தில் ஒரு பகுதியினர் பச்சை நிற டி-ஷர்ட் அணிந்திருந்தார்கள். அவர்கள் விவசாயிகள், விவசாயிகளின் பக்கம் நிற்பவர்கள். 'இந்த மனிதர் எங்கள் பிழைப்பைக் குறை சொல்கிறார்' என்ற மனத்தாங்கலோடு, அதையும் நேரிலேயே கேட்டுவிடுவோம் என்று வந்திருந்தார்கள்.

அவர்களையும் மாணவர்களையும் பேராசிரியர்களையும் ஊர்மக்களையும் ஒரே கூரையின் கீழ் உட்கார வைத்தது ஒரு வாசிப்புத் திட்டம். அதை நடத்துவது விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் நூலகம். திட்டத்தின் பெயர் 'கோ பிக் ரீட்'. அதைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன்.

ஊர் முழுவதும் ஒரே நூலைப் படிப்பது என்ற யோசனைக்கு வழிகாட்டியவர் ஒரு நூலகர். 1998இல் சியாட்டில் நகரப் பொது நூலகத்தில் நான்சி பெர்ல் என்பவர், இந்த ஊரார் எல்லோரும் ஒரே புத்தகத்தைப் படித்தால் என்ன என்று கேட்டு அதை நடத்தியும் காட்டினார். அவர் முதலில் தேர்ந்தெடுத்தது ரஸ்ஸல் பேங்க்ஸ் எழுதிய நாவல். பள்ளிப் பேருந்து விபத்தில் பிள்ளைகளைப் பறிகொடுத்த ஒரு சிற்றூரின் கதை அது. இலேசான பொழுதுபோக்குக் கதையை அவர் எடுக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். பிறகு இந்த வழக்கம் பல நகரங்களுக்கும் பல்கலைக்கழகங்களுக்கும் பரவியது. கார்னெல் பல்கலைக்கழகம் 2001இல் புது மாணவர்களுக்காக இதைத் தொடங்கியது. அங்கே உயர் பொறுப்பில் இருந்த பிடி மார்ட்டின் மேடிசன் வளாகத்துக்குத் தலைமையேற்று வந்த மறு ஆண்டே, இங்கும் அது தொடங்கிவிட்டது. பொறுப்பை நூலகத்திடம் கொடுத்தார்கள். அவர்கள் செய்த காரியங்களிலேயே மிகச் சரியானது அதுதான் என்பேன். துறைகளிடம் கொடுத்திருந்தால், ஒவ்வொரு துறையும் தன் பக்கத்து நியாயத்தைச் சொல்லும் நூலையே தேடியிருக்கும். நூலகத்துக்கு அப்படி ஒரு பக்கம் கிடையாது. எதிரெதிர்க் கருத்துள்ள நூல்களைப் பக்கத்துப் பக்கத்தில் அடுக்கி வைப்பது அதன் அன்றாட வேலை.

நடைமுறை எளிமையானது. எந்த நூல் வேண்டும் என்று யார் வேண்டுமானாலும் பரிந்துரைக்கலாம். ஒரு குழு அவற்றை வடிகட்டித் தருகிறது. இறுதி முடிவு பல்கலைக்கழகத் தலைமையுடையது. கல்வியாண்டின் தொடக்கத்தில் புது மாணவர்களுக்கு வரவேற்பு விழா நடக்கும். விழா முடிந்து வெளியே போகும்போது ஆளுக்கொரு பிரதி கையில் கிடைக்கும், இலவசமாக. தங்கள் வகுப்பில் அந்த நூலைப் பாடமாக வைக்க விரும்பும் ஆசிரியர்களுக்கும் நூலகம் உதவுகிறது. அதன்பின் அந்த ஆண்டு முழுவதும் கலந்துரையாடல்கள், சொற்பொழிவுகள், நூலாசிரியரோடு சந்திப்பு என்று நடக்கின்றன. வளாகத்துக்கு வெளியே உள்ள பொது நூலகங்களும் வாசகர் வட்டங்களும் சேர்ந்துகொள்கின்றன.

இப்போது போலனுக்கு வருவோம். அந்த ஆண்டு திட்டத்துக்குத் தேர்வான அவருடைய நூலின் வாதம் இது: உணவைப் புரதம், கொழுப்பு, வைட்டமின் என்று கூறுபோட்டுக் கணக்குப் பார்க்கத் தொடங்கியதால் நாம் உணவையே மறந்துவிட்டோம், ஆலையில் தயாரானதைச் சத்துப்பட்டியல் பார்த்து வாங்கிச் சாப்பிடுகிறோம். இதை எந்த ஊரில் சொல்கிறார் என்று பாருங்கள். விஸ்கான்சின், பாலுக்கும் பாலாடைக்கட்டிக்கும் பேர்போன மாநிலம். அங்குள்ள கார்களின் எண்பலகையிலேயே 'அமெரிக்காவின் பால்வள நாடு' என்று பொறித்திருப்பார்கள். இந்தப் பல்கலைக்கழகத்தில்தான் 1890இல் ஸ்டீஃபன் பாப்காக், பாலில் எவ்வளவு கொழுப்பு இருக்கிறது என்று அளக்கும் எளிய முறையைக் கண்டுபிடித்தார். தண்ணீர் கலந்த பாலுக்கும் நல்ல பாலுக்கும் ஒரே விலை என்ற அநியாயம் அதனால் ஒழிந்தது. இங்கேதான் எல்மர் மெக்காலம், மார்கரீட் டேவிஸ் இருவரும் எலிகளுக்கு வெண்ணெய்க் கொழுப்பைக் கொடுத்துப் பார்த்து, பின்னாளில் வைட்டமின் ஏ என்று பெயர் பெற்ற சத்தை 1913இல் அறிவித்தார்கள். உணவின் மீது புறஊதாக் கதிரைச் செலுத்தி வைட்டமின் டி சத்தைக் கூட்டும் வழியை ஹாரி ஸ்டீன்பாக் கண்டதும் இங்கேதான். குழந்தைகளின் எலும்பை வளைத்த ரிக்கெட்ஸ் நோயை விரட்டியதில் அதற்குப் பெரும்பங்கு உண்டு.

ஆக, சத்துகளைப் பிரித்தறிந்து உயிர்களைக் காத்த கூடத்துக்குள்ளேயே, சத்துக் கணக்கு நம்மை ஏமாற்றுகிறது என்று சொல்லும் நூலை நூலகம் கொண்டுவந்து வைத்தது. அந்த வளாகத்தின் வேளாண் விஞ்ஞானிகளுக்கு அது சுருக்கென்றுதான் இருந்திருக்கும். இருக்கட்டும். அவர்களும் படித்தார்கள், மறுத்தார்கள். விவசாயிகள் பச்சைச் சட்டையோடு வந்து உட்கார்ந்தார்கள். புத்தகம் சரியா தவறா என்பதில் எனக்கும் கேள்விகள் உண்டு. அந்த அரங்கில் நிகழ்ந்த சந்திப்பு மிக உயர்வானது என்பதில் கேள்வியே இல்லை.

எல்லா இடத்திலும் இது இவ்வளவு நல்லபடியாக நடந்துவிடுவதில்லை. 2002இல் வட கரோலினா பல்கலைக்கழகம், சேப்பல் ஹில் வளாகத்தில் சேரும் புது மாணவர்களுக்குக் குர்ஆனின் தொடக்ககால அத்தியாயங்களை அறிமுகப்படுத்தும் நூலொன்றைப் படிக்கச் சொன்னது. மைக்கேல் செல்ஸ் எழுதியது. நியூயார்க் இரட்டைக் கோபுரத் தாக்குதல் நடந்து ஓராண்டுகூட ஆகவில்லை. அரசுப் பல்கலைக்கழகம் மதத்தைத் திணிக்கிறது என்று வழக்குப் போட்டார்கள். மாநிலச் சட்டமன்றத்திலும் எதிர்ப்பு கிளம்பியது. படிக்க விருப்பமில்லாதவர்கள், ஏன் விருப்பமில்லை என்று ஒரு பக்கம் எழுதித் தந்தால் போதும் என்று பல்கலைக்கழகம் விட்டுக்கொடுத்தது. நீதிமன்றம் தடை விதிக்க மறுத்துவிட்டது. கலந்துரையாடல் நடந்தது. அந்த நேரத்தில் அந்த நூலைத் தேர்ந்தெடுக்க எவ்வளவு மனத்துணிவு வேண்டியிருந்திருக்கும்!

மறுபடி மேடிசன். 2010இல் ரெபெக்கா ஸ்க்லூட் எழுதிய ஹென்ரியட்டா லாக்ஸ் வரலாறு அங்கே தேர்வானது. பால்டிமோர் மருத்துவமனை ஒன்றில் கருப்பை வாய்ப் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்ற ஏழைக் கறுப்பினத் தாய் அவர். அவரிடம் அனுமதி கேட்காமல் மருத்துவர்கள் எடுத்த செல்கள், ஆய்வுக்கூடத்தில் சாகாமல் பெருகிக்கொண்டே இருந்தன. 1951இல் அவர் இறந்துவிட்டார். அந்தச் செல்களை வைத்து உலகமெங்கும் மருத்துவ ஆராய்ச்சி வளர்ந்தது. அவருடைய பிள்ளைகளுக்கோ இருபது ஆண்டுகளுக்கு மேல் இது தெரியவே தெரியாது. இந்த நூலையும் இடமறிந்துதான் எடுத்தார்கள். மனிதக் கருவிலிருந்து குருத்தணுக்களை முதன்முதலில் பிரித்து வளர்த்துக் காட்டியவர் இதே பல்கலைக்கழகத்தின் ஜேம்ஸ் தாம்சன்; ஆண்டு 1998. செல் ஆராய்ச்சியில் அவ்வளவு பெருமை கொண்ட வளாகத்தில், குளிர்பெட்டியில் இருக்கும் சின்னக் குப்பிக்குப் பின்னால் ஒரு தாயும் அவருடைய ஐந்து பிள்ளைகளும் இருக்கிறார்கள் என்பதைப் பதினெட்டு வயதுப் பிள்ளைகள் படித்தார்கள். அவர்களில் சிலர் பின்னாளில் அதே குப்பிகளைக் கையில் எடுத்திருப்பார்கள்.

நூலக இயல் படிக்கும் எவரும் நம் சீர்காழி எஸ். ஆர். ரங்கநாதனின் ஐந்து விதிகளைப் படிக்காமல் தப்ப முடியாது. சென்னைப் பல்கலைக்கழகத்தில் 1924இல் நூலகராகச் சேர்ந்தவர், 1931இல் அவற்றை நூலாக வெளியிட்டார். ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்குரிய நூல் கிடைக்க வேண்டும் என்பது அவற்றில் ஒன்று. அப்படியிருக்க, எல்லோருக்கும் ஒரே நூலைக் கொடுப்பது முறையா என்று சில நூலகர்கள் கேட்கக்கூடும். நியாயமான கேள்விதான். ஆண்டு முழுவதும் அவரவர் நூலை அவரவர் தேடிப் படிக்கட்டும். இந்த ஒரு நூல், பக்கத்து நாற்காலிக்காரரிடம் பேச்சுக் கொடுப்பதற்கு. பொறியியல் மாணவரும் இசை மாணவரும் முதல் வாரத்தில் வேறு எதைப் பற்றிப் பேசிக்கொள்ள முடியும்?

கடைசியாக, அடுத்தடுத்த இரண்டு ஆண்டுகளைச் சொல்ல வேண்டும். 2016இல் மேத்யூ டெஸ்மண்டின் நூல். வாடகை கட்ட முடியாமல் வீட்டைவிட்டு வெளியேற்றப்படும் எட்டுக் குடும்பங்களின் கதை. மேடிசனிலிருந்து ஒன்றரை மணி நேரப் பயணத்தில் இருக்கும் மில்வாக்கியில் நடப்பது. டெஸ்மண்ட் இதே பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டத்துக்குப் படித்துக்கொண்டிருந்தபோது, ஏழைகள் குடியிருக்கும் இடங்களுக்கே குடிபோய், அவர்களோடு வாழ்ந்து திரட்டிய செய்திகள் அவை. வீட்டை இழப்பதும் மக்களை வறுமைக்குள் தள்ளும் ஒரு காரணம் என்பது அவர் முடிவு. மறு ஆண்டு, 2017இல், ஜே. டி. வான்ஸ் எழுதிய தன்வரலாறு. இன்று அமெரிக்கத் துணை அதிபராக இருக்கும் அதே வான்ஸ்தான். அப்போது அவர் அரசியலில் இறங்கவில்லை. ஏழை வெள்ளையர் குடும்பமொன்றில் வளர்ந்தவர், தன் மக்களின் வீழ்ச்சிக்கு அவர்களுடைய பழக்கவழக்கங்களும் குடும்பச் சிதைவும் பெரிய காரணம் என்கிறார்.

வறுமைக்கு யார் பொறுப்பு என்ற கேள்விக்கு இரண்டு நூல்களும் எதிரெதிர்த் திசையில் விடை சொல்கின்றன. எனக்கு டெஸ்மண்டின் விடையே வலுவானதாகப் படுகிறது. அவர் பார்த்துப் பார்த்துச் சான்று சேர்த்திருக்கிறார். இருந்தாலும் வான்ஸின் நூலையும் கொடுத்தது சரி என்றே நினைக்கிறேன். 2016 தேர்தலில் விஸ்கான்சின் மாநிலம் இருபத்துமூவாயிரத்துக்கும் குறைவான வாக்கு வித்தியாசத்தில் டிரம்ப் பக்கம் சாய்ந்திருந்தது. மேடிசன் நகரம் ஒரு பக்கமும் சுற்றியுள்ள கிராமப்புறம் பெரும்பாலும் மறுபக்கமும் நின்றன. கிராமத்திலிருந்து வந்த பிள்ளைகளும் நகரத்துப் பிள்ளைகளும் ஒரே விடுதியில் தங்கியிருந்தார்கள். இரண்டு புத்தகங்களையும் அடுத்தடுத்துப் படித்துவிட்டு, அவர்கள் ஒருவரோடு ஒருவர் வாதாடுவதற்கு நூலகம் இடமும் நாற்காலியும் போட்டு வைத்திருந்தது.