விதியைப் படிச்சுட்டு முடிவு பண்ணுங்க



"எங்கப்பாவுக்குச் சம்பளம் கொஞ்சம் கூடண்ணே, எனக்கு எதுவும் கிடைக்காது" என்று காலையில் ஒரு தம்பி சொன்னார். விசாரித்தால், விண்ணப்பமே போடவில்லை!

எல்லா உதவியும் வருமானத்தைப் பார்ப்பதில்லை. 2010-இல் தமிழக அரசு கொண்டுவந்த முதல் தலைமுறைப் பட்டதாரி சலுகை, குடும்பத்தில் இதுவரை யாராவது பட்டம் வாங்கியிருக்கிறார்களா என்றுதான் கேட்கிறது. ஆனால் கவுன்சிலிங் வழியாகத் தொழிற்கல்வியில் சேர்ந்திருக்க வேண்டும். மேனேஜ்மென்ட் கோட்டாவுக்கு இல்லை. ஒரு வீட்டில் ஒருவருக்குத்தான். நான் வாங்கியதால் என் தம்பிக்குக் கிடைக்கவில்லை. இன்றும் சொல்லிக் காட்டுவான்.

2022-இல் மாதம் 1,000 ரூபாய் என்று தொடங்கிய புதுமைப்பெண் திட்டம் கேட்டது வேறு: ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியா? வேறு உதவித்தொகை வாங்கும் பெண்களும் சேரலாம் என்றது விதி. 2024-இல் பையன்களுக்குத் தமிழ்ப் புதல்வன் வந்தது.

வருமானம் பார்ப்பது, ஆதிதிராவிடர், பழங்குடியினருக்கான போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை. பெற்றோர் ஆண்டு வருமானம் 2.5 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். தகுதி இருந்தும் இதில் பணம் நின்றுபோகும் இடம் ஒன்று உண்டு. பேங்கில் ஆதார் நகல் கொடுத்துவிட்டால் முடிந்தது என்று நினைக்கிறோம். போதாது. அரசுப் பணம் இந்தக் கணக்குக்கே வரவேண்டும் என்று ஆதாரோடு அதை இணைத்துப் பதிவு செய்திருக்க வேண்டும். "ஆதார் சீடிங் ஆயிடுச்சா"ன்னு கேட்டு, பார்த்துட்டு வாங்க.

சந்தேகம் இருந்தால் சாப்பாட்டு நேரத்தில் என்னைப் பிடிங்க. மூன்று மணி பஸ் வரை இங்கேதான் இருப்பேன்.