வேலையை விடுமுன்



போடிமெட்டு ஏறி ஏலத்தோட்டத்தில் பாடுபட்டவருக்குத் தீராத நோய் என்று வைத்தியர் சொன்னால், நாம் அதை அவரிடமே மறைக்கிறோம். அவரும் கணக்கு முடிக்காமலே நின்றுவிடுகிறார். நட்டம் பிள்ளைகளுக்கு!

தோட்டத் தொழிலாளிக்கும் பணிக்கொடை உண்டென்பது 1972-ஆம் ஆண்டுச் சட்டத்தில் வந்த உரிமை. முடித்த ஆண்டு ஒன்றுக்கு 15 நாள் சம்பளம். 5 ஆண்டு நிறையவேண்டும் என்பார்கள். நோயால் உழைக்க இயலாமற்போனவருக்கு அந்த நிபந்தனை கிடையாது. வாரிசு நியமனத் தாளில் யார் பெயர் இருக்கிறது? இறந்துபோன தாயின் பெயராயிருந்தால் மாற்றி எழுதுவோம்.

வலியைப் பல்லைக் கடித்துப் பொறுக்கவேண்டாம். 2021-இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வலி தணிக்க வீட்டுக்கே வருகிறார்கள். நோயில் பூசுதலையும் கடைசி மூச்சுக்கென்று நாம் ஒத்திவைக்கலாகாது. பாப்பரசர் ஆறாம் சின்னப்பர் அதைத் திருத்தியதும் அதே 1972-இல்தான்.

கணக்குப்பிள்ளையைப் பார்க்கப் போகையில் மனைவியையும் உடன் கூட்டிச்செல்வோம்.